மலைப் பக்கம் தலை

விசாலாக்ஷிக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. அவள் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயிலில் கார்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய கைவிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தாள். அன்று அவர் பக்கத்து வீட்டு விளக்கை இரவல் வாங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். அடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே வீட்டு ஸ்க்ரூ டிரைவர் அரிசிப் பானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதை அவள் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

கல்யாணமாகியும் கை சும்மா இருக்கவில்லை. புருஷன் பாலசந்திரன் சாது. "ஓடிண்டிருக்கற வரைக்கும் அதை விட்டுடேன் விசாலம்" என்று மிக்ஸிக்காகவும் ரேடியோவுக்காகவும் கெஞ்சுவார். கெட்டுப்போனதைத் திறந்தால் ரிப்பேர். நன்றாக ஓடுவதைத் திறந்தால் என்ன பெயர் என்பது அவருடைய கேள்வி. நன்றாக ஓடும்போதுதானே உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க முடியும் என்பது அவளுடைய பதில். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால் அந்தப் பேச்சு அந்த வீட்டில் முடிந்ததே இல்லை.

லக்ஷ்மிபுரத்தில் ஒரு மாடியில் இருந்த ஊதுவத்திக் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். முதலாளி யக்ஞநாராயணன். கம்பெனி முழுக்க மணக்கும். முதலாளி மட்டும் எப்போதும் கடுகடுவென்று இருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விசாலாக்ஷி, மசாலா நிறுக்கும் தராசைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளி ஜன்னல் வழியாகப் போயே போய்விட்டது. யக்ஞநாராயணன் அவளைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து, "இனிமே இந்தக் கம்பெனியிலே எதையும் திறக்க மாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னாள். அழுகை வந்தது, ஸ்பிரிங் போனதற்காக அல்ல, அது எதற்காக அங்கே இருந்தது என்று தெரியாமலே போனதற்காக.

அப்புறம், எண்பத்தேழில், கம்பியூட்டர் வந்தது. பெங்களூரிலிருந்து தொட்டையன் என்ற இஞ்சினியர் அதைக் கொண்டுவந்து, கிழக்கு ஜன்னலைப் பார்த்தாற்போல் மேஜை போட்டு வைத்தார். உட்கார்ந்து தலை நிமிர்ந்தால் ஜன்னலில் சாமுண்டி மலை. டைப் அடிக்கத் தெரிந்தவள் என்பதால் அந்த நாற்காலி விசாலாக்ஷிக்குக் கிடைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கான கடிதாசுகள் எல்லாம் அதில்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் வேறு மனுஷியாக இருந்தாள். காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தைப் பார்த்து பாலசந்திரனுக்கே கொஞ்சம் பொறாமை.

முதல் வாரமே கரண்ட் போயிற்று. காலையிலிருந்து அடித்தது அத்தனையும் போச்சு. அவள் தொட்டையனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள்: "நான் அடிச்சதெல்லாம் எங்கே போச்சு சார்?"

"எல்லூ ஹோகல்லா மேடம். ஹோகத்தெ, அஷ்டே" என்றார் அவர். எங்கேயும் போகாது, போகும், அவ்வளவுதான் என்று அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: "தட்டு இருக்கல்லா, ஃப்ளாப்பி, அதிலே சேவ் பண்ணினா இருக்கும். இல்லேன்னா மெமரியிலே மட்டும் இருக்கும். கரண்ட் போனா மெமரி மறந்துடும்."

ஃபோனை வைத்த பிறகும் அவளுக்கு அதே யோசனை. நாள் முழுக்க ஞாபகம் வைத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையும் மறக்கிற அந்தச் சாமான் பார்க்க எப்படி இருக்கும்? பெட்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பின்னால் ஸ்க்ரூக்களும் தெரிந்தன. நடுவே நின்றது அவள் கொடுத்த வாக்கு ஒன்றுதான்.

மறு வருஷம் வினை வந்தது. கஸ்டம்ஸ் கடிதாசுக்கென்று ஒரு புது புரோகிராம் வந்தது. அதைப் போட்டால் மெமரி போதவில்லை என்று திரையில் எழுதிவிட்டு மெஷின் மரமாக நின்றது. கம்பெனியின் பெங்களூர்க் கிளையிலிருந்து, "இங்கே இஞ்சினியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், மெஷினை எங்களிடம் அனுப்பிவிடுங்கள், அந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஃபோன் மேல் ஃபோன். மெஷின் போனால் விசாலாக்ஷி பழையபடி டைப்ரைட்டரில் லேபிள் அடிக்க வேண்டியதுதான். யக்ஞநாராயணன் ஒரு கெடு வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் சரக்கு வேன் பெங்களூர் போகும். அதற்குள் புரோகிராம் ஓடினால் மெஷின் மைசூரில், ஓடாவிட்டால் வேனில்.

தொட்டையன் வருவதாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டார். மெமரி சிப்புகளை மட்டும் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டிலிருந்தபடி முதலாளியிடம் ஃபோனில் சொன்னார்: "இதுக்கு நான் எதுக்கு? மேடமே போடலாம். ரெண்டாவது வரிசை காலியா இருக்கும். அதிலே அழுத்தணும். ஒரு சின்ன சுவிட்சை மாத்தணும். ஆயித்து."

யக்ஞநாராயணன் விசாலாக்ஷியைப் பார்த்தார். விசாலாக்ஷி தரையைப் பார்த்தாள்.

"சாமி முன்னாடி சொல்லியிருக்கேன் சார்" என்றாள்.

"தெரியும்மா. சாமிகிட்டே நான் பேசிக்கறேன். நீ திற."

சனிக்கிழமை காலையில் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். மூடியைத் தூக்கியதும் அவளுக்கு மூச்சே நின்றது. ஏதேதோ பச்சைப் பலகை, வெள்ளிக் கோடுகள், நடுவே வரிசையாகக் கறுப்புக் கறுப்பாகச் சின்ன வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பூரான்போலக் கால்கள். இதுவா ஞாபகம்? இதற்குள்தானா அவள் அடித்த கடிதாசெல்லாம் குடியிருந்தது? கொஞ்ச நேரம் ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொட்டையன் ஃபோனில் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சிப்பிலும் ஒரு முனையில் சின்னக் குழி இருக்கும். அதுதான் அதன் தலை. "தலெ பெட்டத கடெ இர்லி மேடம்" என்றார். பெட்ட என்றால் கன்னடத்தில் மலை. மைசூரில் மலை என்றால் சாமுண்டி மலை. வழி கேட்டாலும், வீடு வாடகைக்குப் பார்த்தாலும், கட்டிலைத் திருப்பிப் போட்டாலும் ஊருக்கு அதுதான் அடையாளம். தலை மலைப் பக்கம். இதைவிடத் தெளிவாக ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் உறுத்தியது. முதல் வரிசையில் ஏற்கெனவே இருந்த பழைய சிப்புகளின் தலை மலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. விசாலாக்ஷி யோசித்தாள். அக்கிரகாரத்தில் இந்தச் சாரி வீடுகளுக்கு அந்தச் சாரி வீடுகள் எதிரெதிரே வாசல் வைத்துத்தானே இருக்கின்றன? இதுவும் இரண்டு சாரித் தெருதான்போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள். அவளுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன யோசனையை யார்தான் சந்தேகப்படுகிறார்கள்?

ஒன்பது சிப்புகளையும் மலைப் பக்கம் தலை வைத்து அழுத்தினாள். சுவிட்சை மாற்றினாள். யக்ஞநாராயணன் பின்னால் வந்து நின்றார். கூட்டிப் பெருக்குகிற பசம்மாவும் துடைப்பத்தோடு நின்றாள். விசாலாக்ஷி மெஷினைப் போட்டாள்.

உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கோவிந்தா" என்றார் யக்ஞநாராயணன்.

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை விசாலாக்ஷி திறந்தாள். இப்போது பழைய புரோகிராம்கூட ஓடாது. பெங்களூருக்கு உயிரோடுகூட இல்லை, பிணமாகப் போகப் போகிறது. அதைச் செய்தவள் அவள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அந்த நிலையிலும் மனசின் ஒரு மூலை, விசிறி ஏன் அரைச் சுற்று மட்டும் சுற்றியது, ஏன் சுற்றாமலே இருக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பிறவி அப்படி.

டிரங்க் காலுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது, நல்லவேளை. நேரே டயல் செய்தாள்.

"தலை எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்றார் தொட்டையன்.

"நீங்க சொன்ன மாதிரியே சார். மலைப் பக்கம்."

"மத்த வரிசை?"

"அது எதிர்ப்பக்கம் இருக்கு. எதிர்ச் சாரி மாதிரி."

"எதிர்ச் சாரியா? எல்லாம் ஒரே பக்கம்தான் மேடம்! அய்யோ, நானே வெச்ச மெஷின் அது. ஸ்கிரீன்லேந்து தலை நிமிர்ந்தா ஜன்னல்ல பெட்டம் தெரியுதல்லா? அந்தப் பக்கம்தான் தலை."

விசாலாக்ஷி தலை நிமிர்ந்தாள். எதிரே சுவர். சுவரில் ஊதுவத்திக் காலண்டர். மலை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதுவும் கண் கூசுகிறது என்று அவளே தொங்கவிட்ட பழைய புடவைக்குப் பின்னால்.

போன தசராவின்போது ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜைக்குரியது எதுவானாலும் அதன் முகம் கிழக்கே பார்க்க வேண்டும் என்று யக்ஞநாராயணன் பிடிவாதமாக மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னார். திரை கிழக்கே பார்த்தது. பார்க்கிறவள் மேற்கே பார்த்தாள். பூஜை முடிந்தும் மேஜை அப்படியே இருந்துவிட்டது. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. மெஷின்தான் திரும்பி அதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சார், மேஜை திரும்பியிருக்கு" என்றாள் ஃபோனில், மெதுவாக.

"திரும்பியிருக்கா? தானா திரும்புமா? யாரு திருப்பினது? என்னைக் கேக்காம யாரு கை வெச்சது?" மாவுக்கட்டுக்காரர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. பசம்மா சிரிப்பை அடக்கத் துடைப்பத்தை வாயருகே கொண்டுபோனாள்.

முதலாளியைக் காட்டிக்கொடுக்க விசாலாக்ஷிக்கு மனசு வரவில்லை. தன் தலையில் போட்டுக்கொள்ளவும் மனசு வரவில்லை. யக்ஞநாராயணன் கையை நீட்டி ரிசீவரை வாங்கினார்.

"நான்தான் திருப்பினேன், தொட்டையன். பூஜைக்கு. அந்தப் பொண்ணு நீங்க சொன்னதைத்தான் பண்ணியிருக்கா. இப்போ என்ன செய்யணும், அதைச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. "பிளக்கை உடனே பிடுங்கியிருந்தா சிப் பிழைச்சிருந்தாலும் பிழைச்சிருக்கும். திருப்பி வெச்சுப் பாருங்க. பூஜை பண்ணினதுக்குப் பலன் இருக்கா பார்க்கலாம்."

விசாலாக்ஷி கொண்டை ஊசியால் ஒவ்வொரு சிப்பாக நெம்பி எடுத்தாள். ஒன்றின் கால் மடங்கிவிட்டது. நகத்தால் அதை நீவி நிமிர்த்தும்போது அவள் உதடு தன்னையறியாமல் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தது. வேன் டிரைவர் மேலே வந்து, "பெட்டி ரெடியா சார்?" என்று வாசலில் நின்றார்.

கடைசிச் சிப் உட்கார்ந்தது. மறுபடியும் பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி சுற்றியது. திரையின் மூலையில் ஓர் எண் தோன்றி ஏற ஆரம்பித்தது. மெஷின் தன் ஞாபகத்தைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்கிற நேரம் அது. தினமும் இருநூற்றைம்பத்தாறு வந்ததும் நின்றுவிடும். இன்றும் அங்கே வந்தது. ஒரு கணம் தயங்கியதுபோல் அவளுக்குத் தோன்றியது. பிறகு அதைத் தாண்டி, அவள் ஒருநாளும் பார்த்திராத எண்களுக்குள் போயிற்று. முந்நூறு, நானூறு. ஐந்நூற்றுப் பன்னிரண்டில் நின்று ஒரு சின்னக் கூவல் கூவியது.

புது புரோகிராமைப் போட்டாள். வேனுக்கான கடிதாசு மளமளவென்று அச்சாகி வந்தது. யக்ஞநாராயணன் அதைப் பிரிண்டரிலிருந்து கிழித்து டிரைவரிடம் கொடுத்து, "இது மட்டும்தான் போறது. பெட்டி இங்கேதான் இருக்கும்" என்றார். டிரைவருக்கு அதில் வருத்தமில்லை. மாடியிலிருந்து அதைச் சுமந்து இறக்கும் வேலை மிச்சம்.

விசாலாக்ஷி கிண்ணத்திலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்தாள். மூடியைத் தூக்கினாள். திரும்ப எப்போது இதைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்து, அவசரமாக இன்னொரு தடவை உள்ளே பார்த்துக்கொண்டாள்.

"இரு, இரு. அதுக்குள்ளே என்ன அவசரம்?" யக்ஞநாராயணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை வேஷ்டித் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் குனிந்தார். "இதிலே எதும்மா ஞாபகம்?"

"இந்த ரெண்டு வரிசையும் சார்."

"இத்துனூண்டா?" அவர் முகம் கடுகடுவென்று இல்லை. "அப்போ பக்கத்திலே இது என்ன, நீளமா?"

"அது என்னன்னு எனக்கும் தெரியலை சார்."

"தெரியலையா?" என்றார். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "சரி, இன்னிக்கு மூடிடு. அடுத்த தடவை திறக்கறச்சே என்னையும் கூப்பிடு."

விசாலாக்ஷி தலையை ஆட்டிக்கொண்டே ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினாள், ரொம்ப இறுக்கமாக இல்லாமல்.