தெம்பு இருக்கும்போதே நிறுத்துவது

என் மனைவிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று புதுச்சேரி மருத்துவர் சொன்னபோது, வீட்டுக்கு வந்து அதைப் பற்றி நிறையப் படித்தேன். நம்பத்தான் இல்லை. ரத்தப் பரிசோதனை சரி, எக்ஸ்ரே சரி. ஆனால் உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தூங்காத களைப்பு. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். அளக்க முடியாத ஒன்றை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் தனக்கென்று சில வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டாள். காலையில் வெந்நீரில் குளித்த பிறகுதான் எந்த வேலையும். காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் உட்கார்ந்துதான். துணியை ஒரேயடியாகத் துவைக்காமல் நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டாள். மாலையில் தெருமுனை வரை ஒரு நடை. இரவில் டிவி இல்லாமல் சீக்கிரம் படுக்கை. இவை எதுவும் என்னை உறுத்தவில்லை. தெம்பு இருக்கும்போதே அவள் வேலையை நிறுத்திவிடுவதுதான் உறுத்தியது. கூடத்தைப் பாதி பெருக்கிவிட்டு, துடைப்பத்தை அங்கேயே சாய்த்துவிட்டுப் போய்ப் படுப்பாள்.

அறை வாசலில் எட்டிப் பார்த்து, "வலிக்குதா?" என்பேன்.

"இன்னும் இல்ல. வலிக்கிற வரைக்கும் செஞ்சா அப்புறம் நாலு நாளு எழுந்திரிக்க முடியாது."

சோம்பலுக்குச் சொல்லும் நியாயமாகவே அது எனக்குப் பட்டது. மீதிக் கூடத்தை நான் பெருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

ஒரு கிறிஸ்துமசுக்குக் கடலூரிலிருந்து தம்பி குடும்பம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அன்று அவளுக்கு நல்ல நாள். சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள், சற்று நேரத்தில் உட்கார இடம் தேடினாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள் தம்பி மனைவி.

நான் கூடத்திலிருந்தே சொன்னேன்: "உக்கார வுடாதம்மா. உக்காந்தா அடுத்த கிறிஸ்துமசுக்குத்தான் எழுந்திரிப்பா."

தம்பி சிரித்தான். "பாவம் மாமா அவுங்க" என்ற தம்பி மனைவியும் சிரித்தபடிதான் சொன்னாள். என் மனைவி உட்காரவில்லை. பிரியாணி கிளறி, பரிமாறி, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து, அவர்களை வழியனுப்பும் வரை நின்றாள். "பாத்தியா, முடியுது இல்ல?" என்றேன். பாராட்டாக நினைத்துத்தான் சொன்னேன்.

மறுநாள் புடவை உரசினாலே வலிக்கிறது என்றாள். பொங்கல் கழிந்தும் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. மகள் வந்து பார்த்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போய்விட்டாள்.

இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவருகிறேன். அங்கே தன் பழைய வழிகளிலேயே அவள் மெல்லத் தேறியிருக்கிறாள். இங்கே நான் சமைக்கவும் பெருக்கவும் கற்றுக்கொண்டேன், குளியலறையில் கீசர் மாட்டினேன். போன ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு அதையெல்லாம் சொல்லி, "வூட்டுக்கு வந்துடேன். ஒரு வேலையும் நீ செய்ய வேணாம்" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்க மாறிட்டீங்க, தெரியுது. ஆனா அந்த வூட்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க. நீங்க வந்து எட்டிப் பாக்கறீங்களான்னு காதக் குடுத்துக்கினே கிடப்பேன். இங்க படுத்தா படுத்ததுதான்."

"நான் எட்டிப் பாக்க மாட்டேன்."

"மாட்டீங்க. அது என் காதுக்குத் தெரியணுமே."

அவளுடைய நோய்க்குப் பாதி மருந்து ஓய்வு. நான் இருக்கும் வீட்டில் அந்த மருந்து அவளுக்குக் கிடைக்காது. அப்படி ஆக்கியவன் நானே. இன்னொரு முறை கேட்கக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

மதியம் அவள் படுக்கும் நேரம் அது. போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அறை வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக மாலை வரை அந்த அறைக்கு வெளியே கூடத்தில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் தூங்கினாளா என்று நான் கேட்டதே இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.