முதலில் எதை எடுப்பது

தெருவில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். லேப்டாப்புகளுக்கு மட்டும்தான் டாக்டர். இறந்துபோன கணவன் விட்டுப்போன கடை அது. ஒரு திருகாணியைத் தொடவே பயந்தவள், அவனிடம் திட்டு வாங்கி வாங்கியே தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

உயிர் ஊசலாடும் டிஸ்க்கோடு யார் வந்தாலும், "மொதல்ல எத எடுக்கணும்?" என்று கேட்பாள். எல்லோரும் "எல்லாத்தையும்" என்பார்கள்.

"எல்லாத்தையும் எடுக்கப் போனா எதுவுமே வராமப் போயிடும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அத மொதல்ல எடுக்கிறேன்."

கூடவே, எதற்கும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சொற்பொழிவு. எல்லாம் ஊருக்கு உபதேசம். அவளுடைய சொந்த லேப்டாப்பில் ஓடியது, யாருக்கோ புதிது மாட்டியபோது கழற்றிப் போட்ட பழைய டிஸ்க். 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்று மாட்டியதுதான். நகலும் கிடையாது. நல்லதெல்லாம் வருகிறவர்களுக்கு, கழித்துக் கட்டியது தனக்கு. இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்கிற முட்டாள்தனம் இது.

ஒருநாள் காலை அது கிளம்பவில்லை. கறுப்புத் திரை, உள்ளே டிக் டிக் என்று சத்தம். வேறு யாராவது என்றால் நாலு தடவை அணைத்துப் போட்டு மிச்ச உயிரையும் வாங்கியிருப்பார்கள். அவள் உடனே அணைத்தாள். பின்மூடியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து, கேபிள் போட்டுக் கடைக் கணினியில் செருகினாள். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது அது.

"செய்வே, செய்வே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கழற்றி ஆறவிட்டு மறுபடி செருகியதும் உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடை நாத்தனாருடையது. கணவனின் கூடப்பிறந்த தங்கை. விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள்.

"அண்ணி, உங்க கல்யாண வீடியோவ எடுங்க. அண்ணன் வாய்விட்டுச் சிரிச்சது அதுல மட்டும்தான்."

"அது பெரிசு. பாதியிலயே இது செத்துடும்."

"அப்புறம் எத எடுக்கப் போறீங்க?"

சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. தொழில் கற்ற நாட்களில், மறந்துவிடுவோமோ என்று அவன் சொல்லிக்கொடுத்ததை ஒருமுறை ஃபோனில் பதிவு செய்திருந்தாள். ஃபோன் மாற்றியபோது இந்த டிஸ்க்கில் போட்டு வைத்தாள். கீபோர்டு கேபிளை எப்படிக் கழற்றுவது என்கிற பாடம்.

"கேபிள் கழட்டுறதா?" நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "அது உங்களுக்குத் தூக்கத்துலகூடத் தெரியுமே!"

"தெரியும்டி. வீடியோக்காரன் பூராவும் பாட்டப் போட்டு ரொப்பிட்டான். உங்கண்ணன் வாயத் தொறந்தா பாட்டுதான் கேக்குது. எனக்கு அவர் குரல் வேணும். எப்படிப் பேசுவார்னு சில நேரம் நெனச்சுப் பாக்குறேன், ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

நாத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எடுங்க" என்றாள்.

நகலாவதைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் நின்று நின்று நகர்ந்து முடிந்தது. பதிவை உடனே இன்னோர் இடத்திலும் நகலெடுத்துவிட்டுத்தான் வீடியோவில் கை வைத்தாள். அது கொஞ்ச தூரம் போவதற்குள் டிஸ்க் கீச்சென்று முனகி அடங்கிவிட்டது. நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். டாக்டரம்மா செத்த டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டதற்கு யாரைப் போய்த் திட்டுவது?

பதிவை ஓடவிட்டாள்.

"அவசரப்படாத. மொதல்ல அந்தச் சின்னத் தாழ்ப்பாளத் தூக்கு. இழுக்காத, இழுக்காத! ஐயோ, இது கையா உலக்கையா?"

நாத்தனார் கண்ணீரோடு சிரித்துவிட்டாள். குரல் தொடர்ந்தது.

"சரி விடு, கை நடுங்குது பாரு. போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு மெதுவா வா. நான் எங்க போயிடப் போறேன்."

அதோடு பதிவு முடிந்தது.

"போயிட்டீங்களே" என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.