பெல்ட்டுக்கு அடியில் ஒரு தகடு

அரியாங்குப்பத்திலிருந்து தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போகும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா என் தோளைத் தட்டுவாள். தட்டினால் நாங்கள் தகடு செய்து கொடுக்கும் கம்பெனியின் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். "அதோ போவுது பாரு, நம்மளது" என்பாள். எங்களுக்குக் காரெல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் காருக்குள் ஏதோ ஒரு மூலையில் அம்மா அச்சில் வைத்து வளைத்த தகடு ஒன்று இருக்கிறது. அந்த உரிமையில் தட்டுவாள்.

ஆரம்பத்தில் பாலம் தாண்டி, முருங்கப்பாக்கம் தாண்டி, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் போய் நிற்கும்வரை தோளில் ஒன்றுமே விழாத நாட்கள் உண்டு. "என்னாடா, ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறானா?" என்று அவளே கடை வைத்திருப்பதுபோல் கவலைப்படுவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பாலத்தின்மேல் ஒன்று, மரப்பாலத்தில் ஒன்று, சிக்னலில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. என் தோள் வலிக்க ஆரம்பித்தது.

"யம்மா, வண்டி ஓட்ட விடு."

"ஏன், ஒன் தோளு என்னா கண்ணாடியா, ஒடைஞ்சிடுமா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அதற்குமேல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோவும் முடித்தேன். அப்பா மில்லில் இருந்தார். மில் மூடியபின் ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன். என்னைப் படிக்க வைத்தது தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அம்மா வேலை செய்யும் ஷெட். படிப்பு முடிந்ததும் அதே ஷெட்டில் எனக்கும் வேலை கிடைத்தது. அவள் பிரஸ்ஸில். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தகடுகளை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலையில். முதல் நாளே பெண்கள் அம்மாவைச் சீண்டினார்கள்.

"யக்கா, ஒன் புள்ள ஒன் தகட்டையே கழிச்சிப் போட்டுட்டான்னா?"

"போடட்டும். வூட்டுக்கு வந்துதான சோறு துன்னணும்."

நாங்கள் செய்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பொருள். காரில் சீட் பெல்ட்டின் அடி முனையை வண்டியின் உடம்போடு பிடித்து வைக்கும் தகடு. பிரஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்பு யந்திரம். அதில் கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. கீழ் அச்சில் தட்டைத் தகட்டை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுக்க வேண்டும். பிறகு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகத் தள்ளி இருக்கும் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. வகுப்பில் வாத்தியார் இதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது இப்படிப்பட்ட மிஷினில்தானே என்று.

அந்தக் கார் கம்பெனிக்கு அப்போது எங்கள் தெருவில் நல்ல பேர் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷனில் வாழ்கிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் எதிர்வீட்டுக்காரர் அப்படி ஒரு சொல்தா. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் சொல்வார்: "அந்த வண்டியை டாக்சிக்கு வாங்குவான், மண்டிக்கு வாங்குவான். வூட்டுக்கு எவன் மாப்ள வாங்குவான்?"

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. அந்தக் காரை வேகமாகக் கொண்டுபோய்ச் சுவரில் மோத விடுகிறார்கள். முன்பக்கம் அப்பளம்போல் நொறுங்குகிறது. உள்ளே உட்கார வைத்த பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லார் போனிலும் அது வந்தது. கல்யாண வீட்டில், சலூனில், டீக்கடையில் அதையே பேசினார்கள். சொல்தா மாமா எங்கள் வாசலுக்கே போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பொம்ம அப்படியே குந்திங்கீது பாரு தங்கச்சி."

"பெல்ட்டு புடிச்சிங்கீதுண்ணா" என்றாள் அம்மா. "அது நம்மளது."

அதன்பின் மாதா மாதம் செய்தி வந்தது, போன மாதத்தைவிட இந்த மாதம் விற்பனை கூடியது என்று. எங்கள் முதலாளி அதை ஷெட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிள்ளையார் படத்தோடு சேர்த்துப் போடுவார். நாங்கள் எல்லாரும் கும்பிடு போட்டு அனுப்புவோம். செய்தி வந்த கொஞ்ச நாளில், தகடு ஏற்றிப்போக லாரி வரும் முறை மாறும். வாரத்துக்கு ஒருமுறை வந்தது இரண்டு முறை ஆனது. பிறகு தினமும் வந்தது. பிறகு இஞ்சினை அணைக்காமல் கேட்டிலேயே நின்று ஆரன் அடித்தது.

ஐஸ் குச்சி அப்போதுதான் வந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு ஐஸ் வண்டி நிற்கும். பெண்கள் சாப்பிட்டுவிட்டுக் குச்சியைப் போடாமல் வைத்துக்கொண்டார்கள். வலப்பக்கத்துப் பட்டனை உள்ளே அமுக்கி, பட்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே குச்சியைச் செருகிவிட்டால் அது அமுங்கியபடியே நிற்கும். வலது கை எப்போதும் பட்டனில்தான் இருக்கிறது என்று மிஷின் நம்பிக்கொள்ளும். அந்த வலது கை அச்சுக்குள் போய்த் தகட்டை எடுக்கும், வைக்கும், எடுக்கும். இடது கை மட்டும் அமுக்கும். யார் முதலில் செய்தது என்று தெரியாது. ஒரு வாரத்தில் எல்லாரும் செய்தார்கள்.

நான் போய் அம்மாவின் குச்சியைப் பிடுங்கினேன்.

"ரெண்டு கையையும் பட்டன்ல வெச்சிக்கினா தகட்ட எவன்டா வைப்பான், ஒங்கப்பனா?"

"வெச்சிட்டு அமுக்கும்மா."

"லாரிக்காரன் கத்துறான், காதுல வுழுதா? போடா, போயி ஒன் வேலையப் பாரு."

நான் தடுப்புக்குப் பின்னால் வந்து உட்காருவதற்குள் இடுப்பு மடிப்பிலிருந்து வேறொரு குச்சியை எடுத்துச் செருகிவிட்டாள்.

கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிற நாளில் குச்சிகள் எல்லாம் மறைந்துவிடும். அன்றைக்கு அம்மா சாமிக்குப் பூப் போடுவதுபோல நிதானமாகத் தகட்டை வைப்பாள், கையை எடுப்பாள், இரண்டு கையாலும் அமுக்குவாள். "சேஃப்டி எல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டால், "நல்லா இருக்குதுங்க சார்" என்பாள். அவர்கள் தலையாட்டிக்கொண்டே தகடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய வண்டி கேட்டைத் தாண்டியதும் ஷெட்டின் சத்தம் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

சொல்தா மாமா அந்தக் காரையே வாங்கிவிட்டார். வெள்ளை நிறம். தெருவே கூடியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். "தங்கச்சி, நீ ஏறிக் குந்து மொதல்ல. ஒன் வண்டி இது" என்றார். அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினாள். பெல்ட்டை இழுத்தாள். இழுத்துக்கொண்டே கீழே தேடினாள்.

"எங்கடா இருக்குது நம்மளது?"

"அடியில இருக்கும்மா. மேல பிளாஸ்டிக் போட்டு மூடியிருப்பாங்க."

"ஒரு ஓரமாவாவது தெரியாதா?"

குனிந்து, சீட்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் வலது கையை விட்டாள். விரல்கள் மறைந்தன. உள்ளங்கை மறைந்தது. மணிக்கட்டும் பச்சைக் கண்ணாடி வளையல்களும் மட்டும் வெளியே இருந்தன. ஷெட்டில் நான் தினமும் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்ப்பது அதைத்தான்.

"கையை எடும்மா."

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள். சொல்தா மாமா சிரித்தார்.

"என்னா மாப்ள, புது வண்டி. கடிக்கவா போவுது?"

அம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தட்டுப்படல" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம். என் டிரேயில் வந்த தகடுகளில் ஒன்றில், வளைவின் உள்பக்கம், சாம்பல் நிற உலோகத்தின்மேல் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பெயிண்ட் என்று நினைத்து விரலால் தேய்த்தேன். நறநறவென்றது. கண்ணாடி. தூளாகி இரும்புக்குள் பதிந்துபோயிருந்தது. தகட்டை அளந்தேன். அளவு சரியாக இருந்தது. வளைவு சரி. ஓட்டை சரி. கழித்துப்போட ஒரு காரணமும் இல்லாத, நல்ல தகடு.

தடுப்பு வழியாகப் பார்த்தேன். அம்மாவின் முதுகு தெரிந்தது. பிரஸ் அதே தாளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது என் தோளில் ஒன்றும் விழவில்லை. கார்கள் போகாமல் இல்லை. எதிரே வந்தன, தாண்டிப் போயின. சிக்னலில் ஒன்று எங்களை உரசுகிறாற்போல் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பைக் கண்ணாடியில் பார்த்தேன். வலது கை மடியில், முந்தானைக்குள் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"வளையல் ஒண்ணு கொறையுது."

"வெளக்கும்போது ஒடைஞ்சிடுச்சி."

சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"இப்ப என்னாங்கிற? கை இருக்குதுல்ல?" சோப்பு நுரையோடு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். மணிக்கட்டில் ஒரு கீறல் இருந்தது.

"வேலைக்கு வரும்போதாவது வளையலைக் கழட்டி வெச்சிட்டு வரலாம்ல."

"ஒங்கப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என்ன மொட்டக் கையா இருக்கச் சொல்றியா?"

"வளையல் இல்லம்மா பிரச்சன. குச்சி."

அவள் தகட்டை எடுத்துத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தகடு நல்லா இருக்குதா?"

"இருக்குது."

"அப்புறம் என்னா" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் அதை முதலாளியிடம் கொண்டுபோனேன். கெட்ட மனிதர் இல்லை. பரீட்சைக்குப் போகும் முன் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர். தகட்டை வாங்கிக் கட்டைவிரலால் பச்சையைத் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இது பாஸா?"

"பாஸ் சார். நான் அதைச் சொல்ல வரல. கை உள்ள இருந்தா மிஷின் தானா நிக்கிற மாதிரி சென்சார் போடலாம். குச்சி செருக முடியாத பட்டன் மாத்தலாம்."

"மாத்தலாம். அதுக்கு மிஷினை நிறுத்தணும். இந்த மாசம் லாரி நின்னுதுன்னா கார் கம்பெனிக்காரங்க தகட்டுக்கு ஒசூர் பக்கம் போயிடுவாங்க. ஒனக்கு, எனக்கு, அம்மாவுக்கு, யாருக்கும் வேலை இருக்காது." தகட்டை மேசைமேல் வைத்தார். "அம்மாவை பேக்கிங்ல போடறேன். சரிதான?"

"அப்ப அந்த மிஷின்ல யாரு சார்?"

"ஆளா இல்ல தம்பி?"

இரண்டு கைகளையும் பயன்படுத்தவும் என்று ஒரு போர்டு எழுதித் தரச் சொன்னார். நல்ல கையெழுத்து எனக்கு. பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பிரஸ்ஸுக்கு மேலே மாட்டினார்கள்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அட்டப் பொட்டி மடிக்கிறதுக்கு நான் என்னா கெழவியா?" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இடத்துக்குப் பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முன்கைப் பாதிவரை சிவப்புக் கண்ணாடி வளையல்கள். நடந்தால் சத்தம் முன்னால் வரும்.

முதல் நாள் அம்மாவே அவளைப் பிரஸ்ஸில் உட்கார வைத்தாள். ஒரு துணியைக் கிழித்து அந்த வளையல்களின்மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். "தகட்ட வையி. கைய எடு. இப்ப ரெண்டு கையாலயும் அமுக்கு பாப்பா. அவ்வளதான். அவசரம் வேணாம்" என்றாள். தடுப்புக்குப் பின்னால் அது எனக்குக் கேட்டது. நான் எழுதிய போர்டைவிட நன்றாகச் சொன்னாள்.

மதியத்துக்குள் லாரி வந்துவிட்டது. ஆரன் அடித்தது. பேக்கிங் மேசையில் அட்டைப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. எல்லாரும் அந்தப் பெண்ணையே பார்த்தார்கள். அவள் வைத்தாள், கையை எடுத்தாள், அமுக்கினாள். மறுபடி ஆரன். அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

அம்மா எழுந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடுப்பு மடிப்பில் கைவிட்டு ஐஸ் குச்சியை எடுத்தாள். பேக்கிங்குக்குப் போன பிறகும் அதை வைத்திருந்திருக்கிறாள். நான் வெளியே ஓடி வருவதற்குள் குச்சி பட்டனில் ஏறிவிட்டது. பிரஸ்ஸின் தாளம் மாறிவிட்டது. "வேணாம்மா" என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதைப் பிடுங்கினேன். வேறொன்று வந்தது. மறுநாளும் பிடுங்கினேன்.

இந்த மாதமும் விற்பனை கூடியதாகச் செய்தி வந்திருக்கிறது. முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அம்மா மறுபடி என் தோளைத் தட்டுகிறாள், ஆனால் எப்போதாவதுதான். "நம்மளது" என்று சொல்வதில்லை. பேக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது பிரஸ்ஸின் சத்தம் ஒரு கணம் தடைப்பட்டால் அவள் கை பெட்டியின்மேல் அப்படியே நிற்கும். தடுப்புக்குப் பின்னால் நானும் நிமிர்வேன். அச்சுக்கு எண்ணெய் போட நிறுத்தியிருப்பார்கள். சத்தம் மறுபடி தொடங்கும். நாங்கள் குனிந்துகொள்வோம்.

டிரே வந்ததும் நான் முதலில் அளவு பார்ப்பதில்லை. ஒவ்வொரு தகட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, வளைவின் உள்பக்கத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.