பாதிக் கூடை

மரக்காணம் உப்பளத்தில் பாப்பாத்தி கூடை சுமக்க வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் அவளை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. போன வருஷம்தான் சொன்னார்கள். வினையே அதில்தான் வந்தது.

சொன்னவன் அரவிந்தன், அளத்து முதலாளி சக்கரபாணியின் மகன். சக்கரபாணிக்கு வாயைத் திறந்தால் வசவுதான். வரப்பில் நின்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். அவர் முதுகுவலியோடு வீட்டில் படுத்ததும், சென்னையில் மேனேஜ்மெண்ட் படித்த பையன் வந்து பொறுப்பெடுத்தான். மேஸ்திரி இனிமேல் யாரையும் திட்டக் கூடாது என்றான். வெயிலுக்குக் கொட்டகை போட்டான், தண்ணீர் கேன் வைத்தான். பொய் சொல்வானேன், நல்ல காரியம்தான். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் எல்லோரையும் கொட்டகையில் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார வைத்தான்.

"சார்னு கூப்பிடாதீங்கக்கா, தம்பின்னே சொல்லுங்க. எது சரியில்லன்னு நீங்க சொன்னாதான எனக்குத் தெரியும்?"

இரண்டு வாரம் ஒருத்தியும் பேசவில்லை. மூன்றாவது வாரம் பாப்பாத்தி பேசினாள். ஏழாம் பாத்தி வரப்பில் நண்டு வளை, தண்ணி கசியுது என்றாள். திங்கட்கிழமையே ஆள் வைத்து அடைத்துவிட்டான். பாப்பாத்திக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. பெற்ற மகனே அவள் பேச்சைக் கேட்டதில்லை.

இங்கே ஜோடி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அளத்தில் ஒரு பாத்திக்கு இரண்டு பெண்கள். வாரி வைத்த உப்பைக் கூடையில் அள்ளி, ஒருத்திக்கு மற்றவள் கைகொடுத்துத் தூக்கிவிட, தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். பாத்தி காலியானால் சரி. எவள் எவ்வளவு சுமந்தாள் என்று எவனும் பார்ப்பதில்லை. முடியாதவள் பங்கை முடிந்தவள் சுமந்துவிடுவாள். அந்த ரகசியம் மேஸ்திரி காதுவரை போனதே கிடையாது. பாப்பாத்தியின் ஜோடி, பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வரும் பாக்கியலட்சுமி. நாலு வருஷமாக அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. அவளுக்குப் பாதிக் கூடைதான். மீதி பாப்பாத்தி தலையில்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை அரவிந்தன், "யாருக்கு என்ன கஷ்டம்னு உள்ளபடி சொல்லுங்க, வேலைய மாத்திக்கலாம்" என்றான். பாக்கியலட்சுமி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

"தம்பி, பாக்கியத்துக்கு முட்டி சுத்தமா போச்சு. பாதிக் கூடைதான் தூக்குது, மீதிய நான்தான் தூக்குறேன். அத உக்கார வெச்சு மூட்டை தைக்கிற வேலை குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும்."

பக்கத்தில் இருந்த மாரியம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். பாப்பாத்தி கையைத் தட்டிவிட்டாள். அரவிந்தன் நோட்டில் எழுதிக்கொண்டான். "இப்பிடித்தான் ஓப்பனா பேசணும்" என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தான். அந்தக் கைதட்டு வீடு போய்ச் சேரும்வரை பாப்பாத்தியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் போய், தையில் மறுபடி வேலை தொடங்கியது. கொட்டகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் பாக்கியலட்சுமி இல்லை. பாப்பாத்தி ஓடினாள்.

"தம்பி, பாக்கியம் பேரு வுட்டுப் போச்சு."

"விட்டுப் போகலக்கா. அவங்களால தூக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? மூட்டை தைக்க மெஷின் வாங்கியாச்சு. அவங்க உடம்பையும் பாக்கணும்ல? நாமெல்லாம் சேர்ந்து பேசி எடுத்த முடிவுதான இது" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்பன் திட்டினான், ஆனால் ஒருத்தி சோற்றிலும் கை வைத்ததில்லை. மகன் அக்கா என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு, நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். அதுவும் அவள் வாயாலேயே.

"நான் சொன்னத திருப்பிக் குடுத்துடுங்க தம்பி."

"அதெப்பிடிக்கா முடியும்?"

சாயங்காலம் அனுமந்தைக்குப் போனாள். பாக்கியலட்சுமி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"உன் வயித்துல கட்டி எடுத்தப்போ மூணு மாசம் உன் கூடையையும் நான்தான் தூக்கினேன். யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்தேனா?"

உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று பாப்பாத்தி சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் கைதட்டுக்கும் ஆசைப்பட்டாளே. வந்த வழியே போய் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை அவளோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. மாரியம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பாத்திக்குப் போனாள். யாருக்கு எப்போது முட்டி போகும் என்று யாருக்குத் தெரியும்? பாப்பாத்தி கூடையை நிரப்பினாள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தூக்கிவிட ஒரு கை வருமா என்று பார்த்து நின்றாள்.

வரப்பில் அரவிந்தன் வந்தான். "என்னக்கா, ஆளில்லையா? இருங்க, நான் தூக்கி விடுறேன்" என்று நிஜமாகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்தியில் இறங்கினான்.

"வேணாங்க சார்" என்றாள் பாப்பாத்தி.

குனிந்து, கூடையிலிருந்து பாதி உப்பைக் கையால் வழித்துப் பாத்தியிலேயே தள்ளினாள். மீதியைத் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மேட்டில் கொட்டிவிட்டு, மீதிப் பாதிக்காகத் திரும்பி வந்தாள்.