யார் எழுத்து என்று தெரியவில்லை என்றேன்

பெட்டி பதினான்கு அங்குல நீளம், ஒன்பது அங்குல அகலம், பத்து அங்குல உயரம். அளந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பெஞ்சுப் பலகையில் செய்தது. கரும்பச்சைப் பூச்சின்மேல் மஞ்சளில் ‘கேள்விப் பெட்டி’ என்று இரண்டு வார்த்தைகள், அச்சில் வார்த்ததுபோல. அவற்றின் முடிவில் மட்டும் ஒரு கேள்விக்குறி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் புள்ளி காய்வதற்கு முன்பே வழிந்து கால் அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. எழுத்து டிராயிங் மாஸ்டருடையது. கேள்விக்குறி அவர் மகள் போட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் ஆலயத்துக்குப் புதுக் கூடம் கட்டியபோது பழைய சாமான்களை ஒதுக்கினார்கள். இப்போது சந்தேகம் இருப்பவர்கள் போதகரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள். பெட்டி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ‘சாரோட பெட்டிதானே’ என்று ஒரு சாக்கில் போட்டு என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ரத்த அழுத்த மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரையாக்கியிருக்கிறார் டாக்டர்.

டிராயிங் மாஸ்டரும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தோம். நான் கணக்கு வாத்தியார். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அவருக்கு மடவார் வளாகத்தில் வீடு, கோயிலுக்குப் பின்தெரு. ஆசிரியர் அறையில் ஜன்னலோர பெஞ்சில் பக்கத்துப் பக்கத்து இடம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்காருவார்; உட்கார்ந்ததும் என் சாமியைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்.

“ஏன் சார், ஒங்க சாமி எல்லாம் தெரிஞ்சவருங்கீக. அந்தப் பழத்தைத் தின்பாகன்னு தெரிஞ்சே எதுக்கு மரத்தை நட்டாரு? பெயிண்ட் டப்பாவைத் தொறந்து வச்சுட்டுப் போனா எம் மக கை வைப்பான்னு எனக்கே தெரியுது.”

மனிதனுக்குச் சுயாதீனம் கொடுக்கப்பட்டது, சுயாதீனம் இல்லாத இடத்தில் அன்பு இல்லை என்று நான் பத்து நிமிஷம் விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்.

“பதில் நல்லாத்தான் இருக்கு. ஆனா டப்பாவை மூடி வைக்கலாம்ல?”

அறையே சிரிக்கும். நான் வீட்டுக்குப் போய் வியாக்கியானங்களைப் புரட்டுவேன். மறுநாள் பதிலோடு வருவேன். அவர் அடுத்த கேள்வியோடு வருவார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதையும் படித்ததில்லை. பெட்டி யோசனையே அவருடையதுதான். “என் ஒருத்தன் வாயை அடைக்கதுக்கு இம்புட்டுப் படிக்கீக. ஒங்க கோயில்ல ஒரு பெட்டியை வையுங்க, ஊரே கேக்கட்டும்” என்றார். பலகை தேடி, தச்சரைப் பிடித்து, ஒரு சனிக்கிழமை தன் வீட்டு முற்றத்தில் வைத்து எழுதியும் கொடுத்தார். மகளுக்கு அப்போது பதினாலு வயது. “கேள்விப் பெட்டின்னா கேள்விக்குறி வேணாமாப்பா?” என்று அடம்பிடித்தாள். “ஏட்டி, அது பேரு, கேள்வியில்ல” என்றார். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவளே தூரிகையை எடுத்துப் போட்டுவிட்டாள். “பாத்தீகளா சார், டப்பாவை மூடாமப் போனது என் தப்பு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாதக் கடைசி ஞாயிறு மாலை ஆராதனையில் பெட்டியைச் சபை முன்னால் திறப்போம். சீட்டில் பெயர் எழுதக்கூடாது. நான் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. எடுத்து, உரக்க வாசித்து, நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். சபையில் எனக்குப் ‘பதில் வாத்தியார்’ என்று பெயர் வந்தது. ஒவ்வொரு பதிலையும் எண் போட்டு நோட்டில் எழுதினேன். ஏழு வருஷத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று. ஒன்றுக்குக்கூடத் தெரியாது என்று நான் சொன்னதில்லை. இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கேள்விக்குறி போட்ட அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மதுரையில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் நான் போயிருந்தேன். டிராயிங் மாஸ்டர் என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்து, “ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்றார். ஜெபித்தேன். முடித்துவிட்டு, “என்ன நடந்தாலும் சரி, கடவுள் இந்தப் பிள்ளையைக் கைவிட மாட்டார்” என்று அவரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அது கண்ணால் பார்ப்பதுபோல நிச்சயமாக இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அவள் இறந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடைசி ஞாயிறு. சபையில் நூற்று நாற்பத்தெட்டுப் பேர். எண்ணுவது என் பழக்கம், போகவில்லை. பெட்டியில் ஒன்பது சீட்டு. ஐந்தாவது சீட்டைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. பெட்டியின் முன்பக்கம் இருந்த அதே எழுத்து. சுழிகூட மாறாத எழுத்து. ‘உங்கள் கூட்டத்தில் சேராமல் செத்துப்போன பிள்ளையை உங்கள் கடவுள் என்ன செய்வார்?’

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் வரிசையில் புதிதாக வந்த போதகர் உட்கார்ந்திருந்தார், கண்டிப்பானவர். கணக்கு வாத்தியார் பதில்கள் கொஞ்சம் இளகிப்போகின்றன என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் செயலாளர் தேர்தலுக்குப் பதினாலு நாள் இருந்தது. நானும் ஒரு வேட்பாளர். இருபது வருஷம் கமிட்டியில் உட்கார்ந்தவனுக்கு அந்த நாற்காலி ஒரு பெரிய காரியமாகத் தெரிந்தது. சீட்டை மடித்தேன். நோட்டில் ஏற்கெனவே நாற்பத்தொன்றாம் எண்ணில் இருந்த பதிலை நாலு குறிப்புகளாகப் பிரித்துச் சொன்னேன். வழி ஒன்றே, வாசல் ஒன்றே, காலம் இருக்கும்போது நுழையாதவர்கள் வெளியே நிற்பார்கள், இதில் கடவுளைக் குறைசொல்ல இடமில்லை. குரல் நடுங்கவில்லை. போதகர் தலையசைத்தார். பதினாலு நாள் கழித்துப் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

“நேத்து ஒங்க கோயிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னேன் சார். ஸ்பீக்கர்ல தெளிவாக் கேட்டுச்சு. நாலு பாயிண்டும் நல்லாச் சொன்னீக.”

நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தச் சீட்டு யாரு எழுத்துன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“இல்லையே சார்” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. “ஏன், யாரு எழுதினது?” என்றும் கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. “சரி, விடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பால்கோவாவில் பாதியைப் பிட்டு என் பக்கம் வைத்தார். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. விடுமுறை போக அறுநூற்றுச் சொச்சம் நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை, பரீட்சை, சம்பளக் கமிஷன் எல்லாம் பேசினார். கேள்வி மட்டும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. என்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு இருபது வருஷம் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். பெட்டி திரும்பி வந்த பிறகும் ஐம்பத்தெட்டு நாள் தள்ளிப்போட்டேன். வெயில், முழங்கால், பஸ் கூட்டம் என்று நாளுக்கு ஒரு காரணம். ஐம்பத்தெட்டாம் நாள் நோட்டுக்குள் வைத்திருந்த அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். மடவார் வளாகத்து வீட்டுச் சுவரில் மகள் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம், மாலை வாடாமல் இருந்தது. அவர் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெட்டி வந்த முதல் பதினைந்து நாளில் நான் எந்த நாள் வந்திருந்தாலும் அவர் இருந்திருப்பார்.

அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க அண்ணாச்சி. ஒங்களுக்குச் சொல்லிவிட ஆளில்லாமப் போச்சு” என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார். தண்ணீர் கொடுத்தார். எதிரே தரையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே பேசினார்.

“ஒங்க பேச்சு வந்தா அவிய விட்டுக்குடுக்கவே மாட்டாக. அன்னைக்குக் கோயில்ல கேட்டுட்டு வந்து ராத்திரி சாப்பிடல. மறுநா பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவுக மொகம் தெளிஞ்சிருந்துச்சு. ‘சாருக்கு என் எழுத்து தெரியலட்டி. தெரிஞ்சிருந்தா நம்ம பிள்ளையப் பத்தி அப்படிச் சொல்ல வாய் வராது. அது ஊருக்குச் சொன்ன பதிலு. நமக்குச் சொன்னது ஆஸ்பத்திரியில சொன்னதுதான்’னாக. அதை வச்சுத்தான் அண்ணாச்சி இம்புட்டு வருசமும் ஓட்டுனோம்.”

சட்டைப்பையில் சீட்டு இருந்தது. என் பொய்தான் அந்த வீட்டைத் தாங்கியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இரண்டு படங்களுக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அப்போது அவர் கேட்டார்: “ஆஸ்பத்திரியில சொன்னது நெசந்தான அண்ணாச்சி?”

“அதுதான் நிஜம் தங்கச்சி” என்றேன். “அன்னைக்கும் நம்பினேன், இன்னைக்கும் நம்புறேன். கோயில்ல சொன்னது என் பயம். எழுத்து யாருதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.” சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. நான் மின்விசிறியின் சுற்றை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

“இதை அவியகிட்டச் சொல்லியிருக்கணும் நீங்க” என்றார் கடைசியில். “ரெண்டு ஏச்சு ஏசிட்டு, மறுநாளே அடுத்த கேள்வியக் கேட்டிருப்பாக. ‘மறுபடி கேட்டு, தெரிஞ்சே அதே பதிலச் சொல்லிட்டார்னா நான் என்ன செய்ய’ன்னு பயந்துல்லா வாயை மூடிக்கிட்டாக. கேள்வி கேக்க ஆளில்லாமலே போயிட்டாக அண்ணாச்சி.”

கடவுளின் குணத்தை அறுநூற்றுப் பதின்மூன்று தடவை விளக்கியவன் நான். ஐந்தாவது சீட்டுக்கு நான் விளக்கியது என் குணத்தை. நாற்காலிக்கும் முதல் வரிசைக்கும் பயந்த ஒருவனை மேலே ஏற்றி உட்காரவைத்து, அவர்தான் கடவுள் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். வேப்பமரத்தடியில் நின்றவர், அது என் கடவுளாக இருக்காது என்று என் சார்பில் நம்பியிருக்கிறார். என் விசுவாசத்தை என்னைவிட அவர்தான் பத்திரமாக வைத்திருந்தார். நான் இன்றும் ஆலயத்துக்குப் போகிறேன். ஜெபிக்கிறேன். கண்ணை மூடினால் முதலில் அந்தப் பால்கோவாதான் வருகிறது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பு மாட்டும்போது கேட்டார்: “அந்தப் பெட்டியில பிள்ள போட்ட கேள்விக்குறி அழியாம இருக்கா?”

“இருக்கு.”

“எனக்குத் தாங்களேன்.”

கொண்டுவருகிறேன் என்று சொல்லி வந்து இன்றோடு ஒன்பது நாள். நாலு கிலோ எடை, கூட்டத்தில் உடைந்துவிடும், ஆட்டோவில் போகலாமா, ஞாயிறு போகலாமா என்று பழையபடி காரணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். பத்தாவது நாள் என்று ஒன்றை எண்ணக்கூடாது. அதற்காகத்தான் விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதினேன். ஏழு இருபதுக்குப் பஸ். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். சாக்கில் கட்டவில்லை. கேள்விக்குறி வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு போகப்போகிறேன். பக்கத்து இருக்கையில் யாராவது அது என்ன பெட்டி என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.