பன்னிரண்டு வீட்டுத் திருநீறு

இன்று காலை கொட்டகலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பையைத் துழாவும்போது திருநீற்றுப் பொட்டலம் பிரிந்து என் சேலையெல்லாம் கொட்டிவிட்டது. பாவம், பதறிப்போய்த் தட்டிவிட்டாள். நானோ அதை மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கிறுக்கி என்றுதான் நினைத்திருப்பாள். என்ன செய்ய, அந்த வாசனை வந்தால் எனக்குப் புவனா வந்துவிடுகிறாள்.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது எட்டாவது, புவனாவுடையது மூன்றாவது. யாராவது வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினால் பன்னிரண்டு வாசலிலும் நின்று திருநீறு பூசிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடென்றாலும் விடக்கூடாது. கடைசி வீட்டைத் தாண்டும்போது நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

நானும் அவளும் ஒரே புத்தகத்தை வைத்துப் படித்து ஆசிரியர் பரீட்சை எழுதினோம். அவளுக்கு நியமனம் வந்தது. எனக்கு வயிற்றுவலி வந்தது.

அவள் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லயமே வெளியே நின்றது. அம்மாவும் வெளியே போனதுதான் தாமதம், நான் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். புவனா மற்ற பதினொரு வீட்டையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுத்த வீட்டுத் திருநீற்றை வாங்கிப் பூசிவிடப் பார்த்தாள். புவனா நெற்றியைக் கொடுக்கவில்லை. கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. அன்றைக்கு அதைவிட்டால் வேறு பஸ் கிடையாது. மறுநாள் காலை நுவரெலியாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவளுடைய அப்பா டிரைவரைக் கெஞ்சிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. அதைவிட, யாருமே என்னைத் திட்டாமல் நின்றதுதான் தாங்கவில்லை.

கதவுக்கு வெளியே புவனா மெதுவாகச் சொன்னாள்: "ஒனக்குக் கிடைச்சிருந்தா எனக்கும் வயிறு வலிச்சிருக்கும்டி. வந்து பூசிவிடு. நீ பூசாம நான் பஸ் ஏற மாட்டேன்."

ஹார்ன் மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இவள் உண்மையாகவே போகமாட்டாள் என்று புரிந்ததும் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவைத் திறந்தேன். அவசரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் பூசினேன். பாதி அவள் கண்ணில் போயிற்று.

"நல்லா இருடி. பெரிய டீச்சரா வா," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அது நிஜமாகிவிட்டது. என் மனசு முழுக்க அதைத்தான் விரும்பியது.

பிறகு ஒரே ஓட்டம். அவளுக்குக் கண் தெரியவில்லை. ஒரு கையில் அவள், மறுகையில் அவள் பெட்டி. ஒற்றைச் செருப்போடு இறங்கி அவளைப் பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டு நான் கத்திய கத்தலில் கண்டக்டரே கைதட்டினார். எனக்கே வேலை கிடைத்ததுபோல் அப்படி ஒரு சந்தோஷம். உண்மையில் எனக்கு அடுத்த முறையும் கிடைக்கவில்லை, அதற்கடுத்த முறையும் இல்லை. ஹட்டன் ஹார்ட்வேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் புவனா டீச்சர் என் கூட்டாளி என்று ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த லயத்தை உடைத்துவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் தனி வீடு, தனி கேட். நல்லதுதான், மழைக்கு ஒழுகுவதில்லை. போன மாதம் அடுத்த வீட்டுப் பையன் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மூன்று நாள் கழித்து போனில் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வயிறு எரியக்கூட நமக்கு நேரம் கொடுக்காமல் போய்விடுகிறார்கள். அப்புறம் எங்கே மனசு மாறி வாழ்த்துவது?