கயிற்றுக்கு உள்ளே யாரும் வரக் கூடாது

வேலை நடக்கும்போது வேலை செய்பவனே அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வெல்டிங் செய்த குழாய்க்குள் குறை இருக்கிறதா என்று, பெட்டிக்குள் இருக்கும் கதிர்மூலத்தை வெளியே தள்ளி, அதிலிருந்து வரும் காமா கதிரால் படம் எடுக்கிறோம். நான் பயிற்சியில் இருப்பவன். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தேர்வில் ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. மறுமுறையும் விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பாவோ மணவாள நகர் முழுக்க, “பையன் எக்ஸ்ரே ஆபீசர்” என்று சொல்லி வைத்திருக்கிறார். வேலையும் படிப்புமாக அல்லாடும் சக பாவிகளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

குற்றம் பார்க்கின்

நான் முதன்முதலில் எடுத்த படத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள். உள்ளே காற்றுக் குமிழி. குழாயைப் பற்றவைத்த தனபால் அண்ணனிடம் பயந்து பயந்து காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எம் பொண்டாட்டிகூட இவ்ளோ உள்ள பூந்து குத்தம் கண்டுபுடிச்சதில்ல நைனா!”

சட்டையில் மாட்டியது

நம்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் பேட்ஜை மார்பில் மாட்டியிருப்போம். வேலை முடிந்ததும் ஆபீசிலேயே வைத்துவிட வேண்டும். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அதை மாட்டியபடியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

வாசலிலேயே அம்மா வாளித் தண்ணீரோடு மறித்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன்போலக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம். நான் புத்தகத்தைப் பிரித்துப் பாடமே நடத்தினேன்: டார்ச்சை அணைத்தால் வெளிச்சம் சட்டையில் ஒட்டிக்கொண்டா வருகிறது? நாங்கள் வைத்திருக்கும் கதிரும் அப்படித்தான். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு பேட்ஜைச் சுட்டிக்காட்டினார்.

“ஒட்டாதுன்னா இந்தத் தாயத்த இன்னாத்துக்குடா கட்டி அனுப்புறாங்க?”

தூரம்

கதிரிடமிருந்து தப்ப மூன்று வழி: குறைந்த நேரம், அதிக தூரம், நடுவே கனமான தடுப்பு. எனக்குப் பிடித்தது தூரம். யாரும் கிட்டே வராமலிருக்கச் சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார் சீனியர். கணக்குப் போட்டேன். சரியாக வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, இரண்டு மடங்காக்கிக் கட்டினேன்.

கேன்டீன் கயிற்றுக்குள் போய்விட்டது. கழிப்பறையும் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் மொத்த ஷிஃப்டும் டிபன் கேரியரோடு வெளியே நின்று என்னையே பார்த்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலு வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

“இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டு தம்பி, சூளூர்பேட்டையும் உள்ள வந்துரும், நாங்க ஆந்திராவுல குந்திக்கினு துன்றோம்!”

வாய்மொழித் தேர்வு

இரண்டாம் முறை. எழுத்துத் தேர்வு முடிந்து, நேரில் கேள்வி கேட்க ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். “படம் எடுத்துக்கிட்டிருக்கீங்க. கயிறைத் தாண்டி உங்க மேனேஜரே உள்ள வந்துட்டார். என்ன செய்வீங்க?”

படித்ததெல்லாம் பறந்துபோய், எங்கள் மேனேஜரின் முகம் மட்டும் கண்முன் நின்றது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

“உடனே கதிர்மூலத்தைப் பெட்டிக்குள்ள இழுத்துடுவேன் மேடம். அப்புறம் வேற வேலை தேடுவேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“வேலை தேடுறது பாடத்துல இல்ல தம்பி. முதல்ல பெட்டிக்குள்ள இழுத்தீங்க இல்ல, அது போதும், போங்க.”

தேறிவிட்டேன். இத்தனை நாள் அரைச் சம்பளத்துக்குப் பயந்துகொண்டிருந்தவன், இனி முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படப்போகிறேன்.